ஒரு 'எஸ்' படுத்தும் பாடு

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி ஊட்டி போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். மெடிக்கல்ஸ், ஸ்வீட்ஸ், டிராவல்ஸ், டிரேடர்ஸ், எலக்ட்ரிக்கல்ஸ், ஹார்டுவேர்ஸ், ஃபர்னிச்சர்ஸ், 'ஹோம் மேட் சாக்லேட்ஸ்'... எஸ் இல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹார்டுவேர், ஃபர்னிச்சர் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பன்மையே கிடையாது என்று இலக்கணப் புத்தகம் சொல்கிறது. கடைக்காரருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எஸ் போட்டால் கடை கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதற்காக யாரும் சாமான் வாங்காமல் திரும்பிப் போனதும் இல்லை.

இப்போது இன்னொரு காட்சி. ஊட்டியில் ஏதோ ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இண்டர்வியூ நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் வளர்ந்து, டிகிரி முடித்த ஒரு பெண் வந்திருக்கிறாள். இன்று எத்தனை அறை காலி என்று ஒரு விருந்தினர் கேட்டால் என்ன சொல்வாய் என்கிறார்கள். "டென் ரூம் இஸ் வேகன்ட், சார்" என்கிறாள். எதிரே இருப்பவர் உதட்டோரம் சிரிக்கிறார். எண்ணிக்கை சரி. மரியாதை சரி. கேட்டவருக்கு விஷயமும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு எஸ்ஸைக் காணோம் (கூடவே 'ஆர்' வர வேண்டிய இடத்தில் 'இஸ்' வந்துவிட்டது). அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குப் பாதி தைரியம் போய்விடுகிறது.

கடைக்காரர் அதிகமாகப் போட்ட எஸ் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அந்தப் பெண் விட்டுவிட்ட எஸ்ஸை மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏன் அவள் அதை விட்டாள்? கவனக்குறைவா, அறிவுக்குறைவா? இரண்டும் இல்லை. அவளுக்குப் பன்மை சொல்லிக்கொடுத்த முறையில்தான் கோளாறு. ஒரு சொல்லின் வாலில் எதை ஒட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருஷம் சொல்லித்தருகிறது. எப்போது ஒட்ட வேண்டும், ஏன் ஒட்ட வேண்டும் என்று சொல்லித்தருவதே இல்லை.

புத்தகம் சொல்லும் விதி

புத்தகத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாதாரணமாக எஸ். பஸ், பாக்ஸ், பெஞ்ச், பிரஷ் என்று முடிந்தால் இ-எஸ். மெய்யெழுத்துக்குப் பிறகு ஒய் வந்தால் அதை எடுத்துவிட்டு ஐ-இ-எஸ். எஃப்பில் முடிந்தால் பல இடங்களில் வி-இ-எஸ், ஆனால் ரூஃப் என்றால் ரூஃப்ஸ். பொட்டேட்டோவுக்கு இ-எஸ், ஃபோட்டோவுக்கு வெறும் எஸ். பிறகு மேன்-மென், ஃபுட்-ஃபீட், ஆக்ஸ்-ஆக்ஸன் என்று ஒரு பட்டியல்.

எழுத்தில் இத்தனை விதி உண்டு. ஆனால் காதில் கேட்பது மூன்றே ஒலி. 'கேட்ஸ்' என்னும்போது நல்ல ஸ். 'டாக்ஸ்' என்னும்போது வண்டு ரீங்காரம் மாதிரி இசட் ஒலி. 'பஸ்ஸஸ்' என்னும்போது கூடவே ஓர் அசை. தமிழில் மூன்றையும் ஒரே 'ஸ்' போட்டுத்தான் எழுத முடியும் என்பதால் இந்த வித்தியாசம் பலர் காதில் விழுவதே இல்லை. 'உமன்' என்பதன் பன்மையில் எழுத்து மாறுவது பின்பாதியில், உச்சரிப்பு மாறுவதோ முன்பாதியில்தான் அதிகம்: 'விமின்'. இதைச் சொல்லாமல் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் என்ன ஆகும்? எழுதச் சொன்னால் சரியாக எழுதும் பிள்ளை பேசும்போது ஒருமை பன்மை இரண்டையும் ஒரே மாதிரி சொல்லும்.

போதாததற்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு லத்தீன் பன்மை வேறு. சிலபஸ் - சிலபை, பேக்டீரியம் - பேக்டீரியா. நீலகிரியில் திரும்பின பக்கமெல்லாம் நிற்கிற யூகலிப்டஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-ல் இந்த மலைக்கு வந்த மரம். கிரேக்கச் சொற்களை வைத்து லத்தீன் பாணியில் உண்டாக்கிய பெயர். பன்மை யூகலிப்டஸஸ் என்பார்கள், யூகலிப்டை என்பார்கள். வனத்துறைப் புத்தகங்கள் இரண்டும் வேண்டாமென்று யூகலிப்ட்ஸ் என்று எழுதும். லாரியில் ஏற்றுகிறவர் 'ரெண்டு லோடு யூகலிப்டஸ்' என்று முடித்துவிடுவார். யூகலிப்டை தெரிந்த பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். 'டென் ரூம்ஸ்' என்று வாயில் வருமா என்பது வேறு விஷயம்.

பத்து ரூம் என்பதில் என்ன தப்பு?

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. யாரும் பேசும்போது "முப்பத்தாறு வளைவுகள்" என்று சொல்வதில்லை. நாலு வீடு, பத்து மரம், ஐந்து பஸ். எண்ணைச் சொன்ன பிறகு 'கள்' எதற்கு? 36 என்றாலே பல என்று தெரியவில்லையா? தமிழ் இலக்கணம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது: பால்பகா அஃறிணைப் பெயர். 'மாடு' என்ற சொல் அப்படியே ஒருமைக்கும் வரும், பன்மைக்கும் வரும். மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன. அஃறிணையில் 'கள்' என்பது வேண்டுமானால் போட்டுக்கொள்ளும் விகுதி. கட்டாயமில்லை.

அந்தப் பெண் 'டென் ரூம்' என்றது இந்தக் கணக்கில்தான். அவள் தமிழ் இலக்கணத்தைச் சுத்தமாகப் பின்பற்றி ஆங்கிலம் பேசியிருக்கிறாள். ஆங்கிலத்தில் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பக்கத்திலுள்ள பெயர்ச்சொல் மறுபடியும் ஒரு தடவை 'பல' என்று சொல்லியாக வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை ஆறாம் வகுப்பிலேயே தமிழில் உட்காரவைத்துச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தமிழின் இந்த வழக்கம் ஆங்கிலத்துக்கே தெரியாதது என்றும் நினைக்க வேண்டாம். மூன்று டஜன் முட்டைக்கு 'த்ரீ டஜன்'தான், டஜன்ஸ் அல்ல. இருநூறு ரூபாய்க்கு 'டூ ஹண்ட்ரட் ருபீஸ்'. ஹண்ட்ரட் அப்படியே நிற்கிறது. ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் பெரும்பாலும் எஸ் விழுந்துவிடும். பத்து ரூபாய் 'டென் ருபீஸ்', ஆனால் பத்து ரூபாய் நோட்டு 'டென் ருபீ நோட்'. இந்த மலைக்கே இது பொருந்தும். மாவட்டத்தின் ஆங்கிலப் பெயர் 'தி நீல்கிரிஸ்', எஸ் உண்டு. மலை ரயிலுக்கு 'நீலகிரி மவுன்டன் ரயில்வே', எஸ் இல்லை. 1986-ல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகமும் 'நீலகிரி பயோஸ்பியர் ரிசர்வ்'. 1905-ல் தொடங்கிய கடை ஊர் வாயில் 'நீலகிரீஸ்', கம்பெனிப் பெயரிலோ 'நீலகிரி டெய்ரி ஃபார்ம்'. ஒரே பெயரை வைத்து ஒரு முழுப் பாடம் நடத்தலாம்!

தமிழில் 'நீலகிரி' ஒருமை. நீல நிற மலை. ஆங்கிலேயர்கள் 19-ம் நூற்றாண்டில் வந்ததும் ஆல்ப்ஸ், ஆண்டிஸ் வரிசையில் சேர்த்து இதற்கும் ஒரு எஸ் போட்டார்கள். இமயத்துக்கும் அதேதான் நடந்தது. சமஸ்கிருதத்தில் ஒருமையாக இருந்த ஹிமாலயம் ஆங்கிலத்தில் ஹிமாலயாஸ் ஆனது.

ரூபாயிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் ஒரு ரூபாய்க்கு 'ஆர்-இ', இரண்டு முதல் 'ஆர்-எஸ்' என்று இருக்கும். அந்த எஸ் பன்மைதான். 2010 ஜூலையில் ரூபாய்க்குப் புதுச் சின்னம் வந்தது. வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். ஒரு ரூபாய்க்கும் அதே சின்னம், ஒரு கோடிக்கும் அதே சின்னம். 'ரூ.' என்று தமிழில் எப்போதும் எழுதிவந்த மாதிரியேதான். :-)

இரட்டைப் பன்மைக்கு ஏன் சிரிப்பு?

'ஸ்டூடண்ட்ஸ்கள்' என்று யாராவது சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஏற்கெனவே எஸ் இருக்கும்போது கள் எதற்கு என்பார்கள். நியாயம்தான். ஆனால் 'சில்ட்ரன்' என்ற சொல்லைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் 'சைல்ட்' என்பதற்கு ர சேர்ந்த ஒரு பன்மை இருந்தது. பிற்காலத்தில் அது பன்மை என்பது மக்களுக்கு உறைக்காமல் போனதால் மேலே இன்னொரு 'என்' விகுதியையும் ஒட்டினார்கள். சில்ட்ரன் ஓர் இரட்டைப் பன்மை. தமிழில் 'மாணவர்கள்' என்பதும் அப்படியே. 'அர்' பலர்பால் விகுதி, அதன் மேல் 'கள்'. மரியாதைக்கு ஒருவரையே 'அவர்' என்று சொல்ல ஆரம்பித்ததும், பலரைச் சொல்ல 'அவர்கள்' தேவைப்பட்டது. ஆக 'ஸ்டூடண்ட்ஸ்கள்' என்றவர் செய்ததும் இரண்டு மொழியும் ஏற்கெனவே செய்ததுதான். கொஞ்சம் லேட்டாகச் செய்ததுதான் அவர் தப்பு.

'ஒரு லேடீஸ் வந்தாங்க' என்பதும் இதே மாதிரிதான். பன்மையை ஒருமையாக எடுத்துக்கொள்வது. இதற்கு நேர்மாறாக, ஒருமையைப் பன்மை என்று நினைத்து எஸ்ஸை வெட்டிய கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. பட்டாணிக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'பீஸ்'. அது ஒருமை. கடைசியில் ஸ் சத்தம் கேட்டதால் பன்மை என்று நினைத்து 'பீ' என்று ஒரு புது ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். செர்ரிப் பழத்துக்கும் அதே கதி. பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லின் கடைசி ஸ் ஒலியைப் பன்மை என்று நினைத்து வெட்டியதில் மிஞ்சியதுதான் செர்ரி. இன்று இரண்டும் அகராதியில் கௌரவமாக உட்கார்ந்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதற்குச் சிறந்த உதாரணம் 'அரியர்'. ஆங்கிலத்தில் பாக்கியைக் குறிக்கும்போது 'அரியர்ஸ்' என்று பன்மையில்தான் அந்தச் சொல் பெரும்பாலும் வரும். சம்பள பாக்கி, வாடகை பாக்கி எல்லாம் அரியர்ஸ். தமிழ்நாட்டு மாணவர்கள் எஸ்ஸை எடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினார்கள். ஒரு அரியர், மூணு அரியர், ஆல் கிளியர். தேவை வந்தால் எண்ண முடியாததையும் எண்ணலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஊட்டிக் காய்கறி மூட்டையையும் பாருங்கள். கேரட் ஒருமையாகத் தமிழுக்கு வந்தது, பீன்ஸ் பன்மையாக வந்தது. காரணம் எளிது. ஒரு கேரட்டைக் கையில் எடுத்துக் கடிக்கலாம். ஒரே ஒரு பீனை வாங்க யாரும் சந்தைக்குப் போவதில்லை. எந்தப் பொருளை மக்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள், எதைக் குவியலாகப் பார்க்கிறார்கள் என்பதை வைத்தே சொல் உள்ளே வருகிறது.

லீஃபா, லீவ்ஸா?

இங்கேதான் உண்மையான விஷயம் ஆரம்பிக்கிறது. எஸ்ஸை எப்படி ஒட்டுவது என்பது சின்னக் கேள்வி. பெரிய கேள்வி, இந்தப் பொருளை எண்ணுகிறார்களா இல்லையா என்பது.

புத்தகம் 'லீஃப் - லீவ்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருக்கிற பிள்ளை வீட்டில் கேட்பது வேறு. பறிக்கும்போது கணக்கு 'இரண்டு இலை, ஒரு மொட்டு'. ஆங்கிலத்தில் 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்'. இலையை எண்ணுகிறார்கள், எனவே லீவ்ஸ். அதே இலை சாக்கில் கட்டித் தராசுக்குப் போனதும் பெயர் 'கிரீன் லீஃப்'. விலை கிலோவுக்கு இவ்வளவு. அங்கே யாரும் லீவ்ஸ் என்று எழுத மாட்டார்கள். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைக்குப் பெயரே 'பாட் லீஃப் ஃபேக்டரி'. எத்தனை லட்சம் இலை உள்ளே போனாலும் லீஃப்தான். எண்ணிக்கை போய் எடை வந்ததும் எஸ்ஸும் போய்விட்டது.

அரைத்து முடித்த பிறகு அது 'டீ'. டீ எண்ண முடியாத பெயர் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். ஆனால் 1963 முதல் குன்னூரில் நடக்கும் ஏலத்தின் அறிக்கைகளில் 'டீஸ்' என்றும் 'டஸ்ட்ஸ்' என்றும் பார்க்கலாம். தூசுக்குப் பன்மையா என்று ஆச்சரியப்பட வேண்டாம். தூள் தேயிலையில் பல ரகம் இருக்கிறது. ரகத்தை எண்ணும்போது எண்ண முடியாத பொருளுக்கும் எஸ் வந்துவிடும். ஆயில்ஸ், ஒயின்ஸ் எல்லாம் அப்படித்தான்.

செடியில் லீவ்ஸ், தராசில் லீஃப், ஏலத்தில் டீஸ். ஒரே பொருள் மலையில் ஐந்தாறு கிலோமீட்டர் பயணம் செய்வதற்குள் எஸ்ஸைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்', 'லக்கேஜ்' எல்லாம் ஏன் எஸ் இல்லாமல் நிற்கின்றன என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆங்கிலம் அவற்றைக் குவியலாகப் பார்க்கிறது, பீன்ஸைத் தமிழ் பார்க்கிற மாதிரி.

எண்ணப்படாதவர்கள்

குவியலாகப் பார்ப்பது பொருளோடு நின்றால் பரவாயில்லை. உயிருள்ளவற்றுக்கும் அது நடக்கிறது.

ஆங்கிலத்தில் ஷீப், டீர் இரண்டும் பழங்காலத்திலிருந்தே ஒருமை பன்மை மாறாதவை. வேட்டைக்காரர்கள் அந்த வழக்கத்தை மற்ற விலங்குகளுக்கும் நீட்டினார்கள். துப்பாக்கி தூக்கியவர் பேச்சில் 'த்ரீ எலிஃபன்ட்', 'டூ டைகர்'. எஸ் கிடையாது. வேட்டை விலங்குகளை மொத்தமாகக் குறிக்கும் 'கேம்' என்ற சொல்லே எண்ண முடியாத பெயர். நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879-ல் வந்த சட்டத்தின் தலைப்பிலும் அந்தச் சொல்தான். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு ஆங்கிலத்தில் 'நீலகிரி தார்'. 2024-ல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடு இருப்பதாகத் தெரிந்தது. செய்திகளில் சிலர் 'தார்' என்றார்கள், சிலர் 'தார்ஸ்' என்றார்கள். இரண்டும் வழக்கில் உண்டு. ஆனாலும் ஒவ்வொன்றாக எண்ணிக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட விலங்குக்கு எஸ் போடுவதே பொருத்தம் என்று தோன்றாமல் இல்லை.

மனிதர்களுக்கு வருவோம். எஸ்டேட் ஆங்கிலத்தில் தொழிலாளிக்குச் சொல் 'லேபர்'. எண்ண முடியாத பெயர். தண்ணீர், மணல் மாதிரி. 'லேபர் லைன்ஸ்' என்பதில் வீட்டு வரிசைக்கு எஸ் உண்டு, உள்ளே இருக்கும் ஆட்களுக்கு இல்லை. 'கூலி' என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். தமிழில் கூலி என்பது வேலைக்குக் கிடைக்கும் காசு. ஆங்கிலத்தின் 'கூலி' இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து (வேறு கருத்துகளும் உண்டு). அப்படியானால், வாங்கின காசின் பெயரையே ஆளுக்கு வைத்து, அதற்கு ஒரு எஸ்ஸும் போட்டு 'கூலீஸ்' என்று கப்பலில் ஏற்றினார்கள் என்று ஆகிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் 'அரைப்பேர்' என்று ஒரு வழக்கு உண்டு. குறிப்பிட்ட கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். முழு ஆள் வேலை செய்தாலும் கணக்கில் அரை ஆள்.

அந்தத் தோட்டங்களிலிருந்து வந்த பல குடும்பங்கள் இன்று நீலகிரியில் இருக்கின்றன. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. 1974-ல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக வளர்ந்ததுதான் அரசின் டான்டீ தோட்டங்கள். ஒப்பந்தத்தில் அவர்களைக் குறித்த சொல் 'பெர்சன்ஸ்'. பேச்சு ஆங்கிலத்தில் பெர்சனுக்குப் பன்மை 'பீப்பிள்'. சட்டமும் லிஃப்ட் போர்டும்தான் 'பெர்சன்ஸ்' என்று எழுதும். ஆளாளாக எண்ணும் பன்மை அது. ஆனால் அந்த ஆட்களை யாரும் கேட்டுவிட்டு எண்ணவில்லை என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

எண்ணுவதால் நன்மையும் உண்டு. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் 'லேபர்' இருந்தது. உள்ளே போனால் 'விமன் வொர்க்கர்ஸ்'. ஐம்பது பெண் தொழிலாளர்கள் இருந்தால் அந்தத் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று அது சொன்னது. லேபர் என்று குவியலாகச் சொன்னால் ஐம்பது என்ற கேள்வியே வராது. வொர்க்கர்ஸ் என்று எண்ணினால்தான் தொட்டில் வரும்.

எஸ் கேட்டவர்கள்

ஒரு எஸ்ஸுக்காக உலக அளவில் சண்டை நடந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஐக்கிய நாடுகள் சபை 1993-ஐப் பழங்குடிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. ஆங்கிலப் பெயரில் 'இண்டிஜினஸ் பீப்பிள்' என்று இருந்தது. பழங்குடி அமைப்புகள் கேட்டது 'பீப்பிள்ஸ்'. என்ன வித்தியாசம்? பீப்பிள் என்றால் தனித்தனி ஆட்களின் கூட்டம். பீப்பிள்ஸ் என்றால் ஒவ்வொன்றும் தனி மொழி, நிலம், வழக்கம் உள்ள இனங்கள். இனம் என்று ஒப்புக்கொண்டால் அதற்குக் கூட்டாக உரிமையும் உண்டு. அதனால்தான் பல அரசுகள் அந்த எஸ்ஸுக்குத் தயங்கின. கடைசியில் 2007 செப்டம்பர் 13-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி உரிமைப் பிரகடனத்தின் தலைப்பில் எஸ் இருக்கிறது.

நீலகிரிக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசு பட்டியலிட்டுள்ள ஆறு இனங்களும் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கிறார்கள். 'ஆதிவாசிகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் ஆறும் ஒன்றாகிவிடும். ரிவர்ஸ் 1906-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் பெயர் 'தி தோடாஸ்'. 1986-ல் ஆந்தனி வாக்கர் எழுதியபோது தலைப்பில் எஸ் போய் 'தி தோடா' என்று ஆகியிருந்தது. வெளியாள் போட்ட எஸ்ஸைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பலர் விட்டுவிட்டார்கள். ஓரிடத்தில் எஸ் வேண்டும் என்பதும் மரியாதை, இன்னோரிடத்தில் வேண்டாம் என்பதும் மரியாதை!

சரி, என்ன செய்யலாம்?

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ டென் ரூம் என்பது சரி என்கிறீர்களா?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. ஆங்கிலத்தில் அது தப்புதான். இண்டர்வியூவில் 'சில்ட்ரன்' வரலாறு சொல்லித் தப்பிக்க முடியாது. விதி கற்றே ஆக வேண்டும். எந்த வரிசையில் கற்பது என்பதில்தான் வாதம்.

முதலில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழிலேயே சொல்ல வேண்டும். எண் சொன்ன பிறகும் எஸ் வேண்டும், வினைச்சொல்லும் கூடவே மாறும் என்று. பத்து மரம், டென் ட்ரீஸ். நாலு வீடு, ஃபோர் ஹவுசஸ். ஒரு வாரம் இதை மட்டும் வாய்விட்டுச் சொன்னால் போதும், மூன்று ஒலியும் பிடிபட்டுவிடும்.

இரண்டாவதாக, எண்ணுகிறார்களா, நிறுக்கிறார்களா என்ற கேள்வி. இதற்குப் புத்தகத்தில் இல்லாத இங்கிலாந்து ரொட்டியும் வெண்ணெயும் தேவையில்லை. சந்தை மூட்டை, தேயிலைச் சாக்கு, மர லோடு, உருளைக்கிழங்கு வயல் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு 'குட்ஸ்', 'சேவிங்ஸ்', 'வேஜஸ்', 'அசெட்ஸ்' என்று தினமும் கையாளும் சொற்களே போதும். பாடப்புத்தகத்தின் ஆக்ஸ்-ஆக்ஸன் கொஞ்சம் காத்திருக்கலாம். யூகலிப்டை இன்னும் ரொம்ப நேரம் காத்திருக்கலாம்.

மூன்றாவது, சிரிக்காமல் இருப்பது. இதற்குப் பாடத்திட்டம் மாற வேண்டியதில்லை. ஒருமுறை சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை எஸ் போட்டுப் பேசாது, பேசவே பேசாது. எஸ்டேட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்களில் பலர் வகுப்பில் வாய் திறக்காமலே மூன்று வருஷம் முடித்துவிட்டுப் போவது இதனால்தான்.

அந்த ஓட்டல் பெண்ணிடம் யாராவது, "இங்கிலீஷில் பத்துன்னு சொன்னாலும் ரூமுக்கு ஒரு எஸ் வேணும்மா, தமிழில் வேண்டாம்" என்று ஒரே ஒரு வாக்கியம் முன்பே சொல்லியிருந்தால் போதும். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு நேரம் இருந்திருக்கும்.